ஆகஸ்ட் மதிப்பெண்

எனக்கு ஐஸ் ஹாக்கி பிடிக்காது. வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஹாக்கிப் பைத்தியம் தலைக்கேறித்தான் இதையெல்லாம் செய்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். ஒன்பது வயதுவரை ஸ்கேட் கட்டினேன். கால் குளிர்ந்தது. நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர் கார்விக்கில் ஹாக்கி பிடிக்காதவர்கள் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவர் லூத்தரன் பாதிரியார், அவரும் அதை வெளியில் சொல்வதில்லை.

என் பெயர் ஆர்லோ ஸ்டெஃபனிக், வயது இருபத்திரண்டு. சாஸ்கடூனில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆண்டுக்கு முன் ஓராண்டு விடுப்பு எடுத்து ஊருக்கு வந்து, கார்விக் பேட்ஜர்ஸ் அணிக்குக் கணக்குப் போட்டேன். பதினாறிலிருந்து இருபது வயதுவரையுள்ள பையன்கள் ஆடும் அணி அது. எங்கெங்கிருந்தோ வந்து, ஊர்க்காரர் வீடுகளில் தங்கி, அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்று ஆடுவார்கள். எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. எனக்கு வைத்த பெயர் கணக்குப்பிள்ளை.

தினமும் காலையில் உடைமாற்றும் அறையின் வெள்ளைப் பலகையில் ஓர் எண் எழுதுவேன். பருவக் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்கு அணி போவதற்கான வாய்ப்பு, நூற்றுக்கு எவ்வளவு. அவ்வளவுதான் வேலை. பதினோரு அணிகளில் எட்டு அணிக்குத்தான் பிளேஆஃப். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு நாங்கள் ஒன்பதாம் இடம், என் எண் நாற்பத்துநான்கு. உள்ளூர் வானொலியில் அதைக் கோதுமை விலைக்குப் பின்னும் வெப்பநிலைக்கு முன்னும் வாசித்தார்கள். வெப்பநிலை அன்று மைனஸ் முப்பத்தொன்று. அதைப் பற்றி யாரும் என்னிடம் புகார் சொல்லவில்லை.

எண்ணைப் பற்றிச் சொன்னார்கள். டோனட் கடையில் தினமும் உட்கார்ந்திருக்கும் கிழவர்களில் ஒருவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னப்பா கணக்குப்பிள்ளை, நேத்து நாப்பத்தாறு, இன்னிக்கு நாப்பத்திநாலு. அந்த ரெண்டை எங்க கொண்டுபோய் வச்ச?"

"நேத்து தோத்துட்டோம் தாத்தா."

"நாங்களும்தான் பாத்தோம். தோத்தது பையனுங்க. கொறைச்சது நீ."

மேடம், ஊர் எப்படிப்பட்டது என்பதற்கு இந்த ஒரு பேச்சுப் போதும். ஆறு வருடமாகப் பிளேஆஃப் பார்க்காத ஊர். இந்த வருடமும் தவறினால் அணியை ஏதோ நகரத்துக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று பேச்சு. இருந்தும் அவர்கள் கோபப்பட்டது தோற்ற அணிமீது அல்ல, எண் எழுதியவன்மீது. என் அம்மாவின் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டி 44 என்று எழுதி, கீழே ஒரு கெட்ட வார்த்தையும் எழுதியிருந்தார்கள். அந்த வார்த்தையில் எழுத்துப்பிழை இருந்தது.

கோச் வெண்டெல் பிரெக்கியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான், எந்தப் பையனைக் கொடுத்து எந்தப் பையனை எடுப்பது என்று முடிவுசெய்பவரும் அவர்தான். சின்ன ஊர் அணிகளில் பெண் பார்ப்பவரே பந்தியும் பரிமாறுவார். ஜனவரி பத்து, பிற்பகல் மூன்று மணி. அதோடு அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடியும். பிறகு கையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எங்கள் கையில் கோலைக் காக்க ஒரு கோலி இல்லை. இருந்த கோலி, பக் என்கிற அந்த ரப்பர் வட்டைப் பார்த்தால் வழிவிட்டு நிற்கும் நல்ல பண்புள்ளவன்.

டன்லோ டிரோவர்ஸ் அணியில் நீல் ஓஸ்ட்ரான் என்று ஒரு கோலி உபரியாக இருந்தான். டன்லோ எங்களுக்கு நூற்றுநாற்பது கிலோமீட்டர் தூரம், ஜன்மப் பகை. அவர்கள் ஓஸ்ட்ரானுக்குப் பதிலாக ஒரே ஒரு ஆளைத்தான் கேட்டார்கள். ஜோரி தீசன்.

இப்போது அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயது, வலது ஓரத்தில் ஆடுவான், கிறிஸ்துமஸுக்குள் இருபத்திரண்டு கோல். ஊருக்கு வடக்கே அறுபது கிலோமீட்டரில் அவன் அப்பாவுக்குப் பண்ணை, மென்னோனைட் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். தாய் மார்லா எல்லா உள்ளூர் ஆட்டத்துக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து அரங்கின் சி பகுதியில் உட்கார்வார், கத்த மாட்டார். பையனும் அப்படியே. பஸ்ஸில் மற்றவர்கள் சீட்டாடும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவான். வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது. நல்ல பையன் என்று எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன். வந்த தொல்லை முழுக்க அதனால்தான் வந்தது.

ஆகஸ்ட் மாதம் முகாம் தொடங்கும்போது ஒவ்வொரு பையனும் கணினி முன்னால் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு தேர்வு எழுத வேண்டும். பன்னிரண்டு சொற்களை நினைவு வைத்துக்கொள், கோணல் கோடுகளை நினைவு வைத்துக்கொள், திரையின் இடப்பக்கமோ வலப்பக்கமோ நிறம் மாறினால் பொத்தானை அழுத்து. மூளை நன்றாக இருக்கும்போது எவ்வளவு மதிப்பெண் என்று முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்வது. பிறகு யாருக்காவது தலையில் அடிபட்டால் மறுபடி எழுத வைத்து, ஆகஸ்ட் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் உட்கார வேண்டும். குறையவில்லை என்றால் ஆடலாம்.

இதை எழுத வைக்க வேண்டியவர் எர்வின். ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ்காரர், காயங்களுக்குக் கட்டுப் போடுபவர். மனிதர்களைத் தொட அஞ்சாதவர், கணினியைத் தொட்டால் கடித்துவிடும் என்று நினைப்பவர். அதனால் நான்தான் உட்கார வைத்தேன்.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பையன்கள் அந்தத் தேர்வை நன்றாக எழுத மாட்டார்கள். வேண்டுமென்றே. ஆகஸ்டில் முட்டாளாக இருந்தால் ஜனவரியில் அடிபட்டாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வருடம் ஆடியவன் புதிதாக வருகிறவனுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பான். டாசன் கிரீப் என்று ஒருத்தன், எங்கள் அணியில் ஆட்களை இடித்துத் தள்ளுவதற்கென்றே இருப்பவன், ஜோரியும் அவனும் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். அன்று அவன் என் எதிரிலேயே பாடம் நடத்தினான்.

"டேய் தீசி, முக்கோணம் எது வட்டம் எதுன்னே தெரியாத மாதிரி எழுது. அப்பதான் ஜனவரில பொழைப்ப."

"ஏன்டா, நல்லா எழுதினா என்ன?"

"நல்லா எழுதினா தலைல அடிபட்டது தெரிஞ்சிரும்டா வெண்ண."

"அடிபட்டா தெரியத்தானே வேணும்?"

கிரீப் என்னைப் பார்த்தான். "கணக்குப்பிள்ளை, இவன எங்கிருந்துடா புடிச்சிட்டு வந்தாங்க?"

ஜோரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் ஒழுங்காக எழுதினான். ஒழுங்காக எழுதச் சொல்லி அம்மா சொன்னாராம். தொண்ணூற்றுநான்கு வாங்கினான். மற்றவர்கள் எல்லோரும் அறுபதைச் சுற்றி. அணி முழுவதிலும் உடைந்தால் தெரியக்கூடிய ஒரே தலை அவனுடையது.

ஜனவரி நான்கு, சனிக்கிழமை ஆட்டத்தில், களத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவர் ஓரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் ஜோரியை இடித்தான். கீழே விழுந்து தானாகவே எழுந்தான். பெஞ்சில் வந்து உட்கார்ந்து, தண்ணீர்ப் புட்டியைத் திறக்காமலே வாயில் வைத்துக் குடித்தான். எர்வின் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். "ரெண்டு" என்றான். இரண்டுதான். எர்வினுக்குத் திருப்தி.

மறுநாள் ஞாயிறு. அவனைக் கணினி முன் உட்கார வைத்தேன். அறுபத்தொன்று வந்தது.

முப்பத்துமூன்று குறைவு. இடப்பக்கம் நிறம் மாறும்போது அவன் கை ஏறக்குறைய அரை நொடி தாமதித்தது. பன்னிரண்டு சொற்களில் நான்கைச் சொன்னான். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், மேடம். அறுபத்தொன்று என்பது மற்ற பையன்களின் மதிப்பெண்தானே. கிரீப் ஐம்பத்தொன்பது, அவனைச் சினிமாவுக்குக்கூட விடுகிறார்கள். ஒரே இரவில் ஜோரி எங்கள் அணியின் சராசரி ஆகியிருந்தான், வேறொன்றுமில்லை.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் ஜோரி குறைந்தது ஒரு மாதம் உட்கார வேண்டும், அடிபட்டவனை டன்லோக்காரன் எடுக்க மாட்டான், கோலியும் வர மாட்டான். பத்தொன்பது சதவீதம். ஜோரி போய் ஓஸ்ட்ரான் வந்தால் எழுபத்தொன்று. நடுவில் ஐம்பத்திரண்டு. இரண்டு சதவீதத்துக்கு என் சட்டையைப் பிடித்த ஊர் இது. ஐம்பத்திரண்டை எங்கே கொண்டுபோய் வைத்தாய் என்று கேட்டால் நான் யாரைக் காட்டுவது?

திங்கட்கிழமை காலை கணினியின் தேதியை ஆகஸ்ட் இருபத்தேழு என்று மாற்றினேன். தொண்ணூற்றுநான்கை அழித்தேன். ஜோரியைப் புதிய ஆள் மாதிரிப் பதிவு செய்து மறுபடி உட்கார வைத்தேன். அவன் முகம் மாவு மாதிரி இருந்தது.

"நேத்து இதத்தானே எழுதினேன்?"

"கணினி மறந்துருச்சு."

"அதுக்குமா?" என்று சிரித்தான். நகைச்சுவை வரும் அளவுக்கு நன்றாகத்தான் இருந்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் எழுந்து குப்பைக் கூடையில் வாந்தி எடுத்தான். பிறகு கூடையைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். "சாரிடா ஆர்லோ, அந்த வீட்டு ஆம்லெட் சரியில்ல போல." உட்கார்ந்து முடித்தான். மறுபடி அறுபத்தொன்று. அதைத்தான் அவனுடைய ஆகஸ்ட் மதிப்பெண்ணாக வைத்தேன்.

புதன்கிழமை முறைப்படி ஒரு தேர்வு, எர்வின் பக்கத்தில் நிற்க. அறுபத்துமூன்று. ஆகஸ்டைவிட இரண்டு அதிகம். எர்வின் அவன் முதுகில் தட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"அதே மார்க்கா?" என்று கேட்டான் ஜோரி.

"ரெண்டு கூட."

"அப்பாடா. தல இன்னும் வலிக்குதே, அதான் பயந்தேன். அப்ப அது சும்மா வலிதான். அம்மாகிட்ட சொல்லிடறேன்."

நான் பொய் சொல்லவில்லை. இரண்டு கூடத்தான் இருந்தது.

பிரெக்கிக்குத் தெரியுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தெரியாது. அவர் நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் சாண்ட்விச்சுமாக அறைக்குள் நடந்துகொண்டிருந்தார்.

"கணக்கு, கடைசியா ஒரு தடவ சொல்லு. ஓஸ்ட்ரான் வந்தா?"

"எழுபத்தொண்ணு, கோச்."

"அந்தப் பையன் தல எப்படி இருக்கு?"

"பேப்பர் சுத்தம், கோச்."

அவர் சாண்ட்விச்சைக் கடித்தார், மென்றார், விழுங்கினார். "நான் பேப்பரக் கேக்கல" என்று சொல்வதற்கு அவருக்கு அவ்வளவு நேரம் இருந்தது. "பேப்பர் சுத்தம்னா சரி" என்று சொல்லித் தொலைபேசியை எடுத்தார். மணி இரண்டு ஐம்பது. கெடுவுக்குப் பத்து நிமிடம்.

மாற்றிவிட்ட பையன் அன்றே ஊரைக் காலி செய்வது இங்கே வழக்கம். ஜோரி ஸ்கேட்டையும் மட்டைகளையும் வண்டியில் ஏற்றிவிட்டு என்னிடம் கை குலுக்க வந்தான். இடது கை உறையை வலது கையில் மாட்டியிருந்தான். "ஒரு கோலிக்கு என்னைய ஒருத்தனக் குடுத்திருக்காங்க மாப்ள, பெரிய விஷயம்தானே? போர்டுல எழுபத்தொண்ணு எழுதிரு" என்றான். எழுதினேன். மறுநாள் டோனட் கடையில் எனக்குக் காபி இலவசம். சட்டையைப் பிடித்த அதே கிழவர் வாங்கிக்கொடுத்தார். ஊர் என்பது அதுதான், மேடம்.

நாங்கள் ஏழாம் இடம் பிடித்துப் பிளேஆஃப் போனோம். என் கணக்கில் பிழை இல்லை. முதல் சுற்றில் எங்களுக்கு வந்து மாட்டியது இரண்டாம் இடம் பிடித்த டன்லோ. ஏழு ஆட்டத்தில் நான்கை வெல்ல வேண்டும். எங்கள் வாய்ப்பு முப்பத்தொன்று. ஜோரி அங்கே போன பிறகு முப்பது ஆட்டத்தில் ஆறே கோல்தான் போட்டிருந்தான். டன்லோக்காரர்கள் அவனை ஏமாற்றுப் பண்டம் என்றார்களாம். ஏமாற்றியது அவன் இல்லை, ஆனால் திட்டு வாங்கினான்.

ஒவ்வொரு தொடருக்கு முன்பும் எதிரணியின் பலவீனங்களைத் தாளில் எழுதிப் பையன்களுக்குக் கொடுப்பது என் வேலை. டன்லோவில் இருபது பேர், எல்லோரையும் எழுதினேன். பதினேழாம் எண்காரன் ஜோரியை மட்டும் விட்டுவிட்டால் அது பாரபட்சம். அவனுக்கு நேராக இப்படி எழுதினேன்: "இடப்பக்கத்திலிருந்து வருவதை அரை நொடி தாமதமாகப் பார்ப்பான். அந்தப் பக்கமாகவே போகவும்."

அது தேர்விலிருந்து எனக்குத் தெரிந்தது. ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு எழுதாமல் இருப்பது தொழிலில் நேர்மை இல்லை. அந்த வரிக்கு மட்டும் ஏழு சதவீதம் மதிப்பு, முப்பத்தொன்று முப்பத்தெட்டாகும் என்று கணித்தேன்.

தாளை வாங்கிப் படித்த கிரீப் என் மேசைக்கு வந்தான்.

"இது உனக்கு எப்படிடா தெரியும்?"

"வீடியோல பாத்தேன்."

"நான் அவன்கூட ஒரே வீட்ல இருந்திருக்கேன். அவனுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு நல்லாத்தான் தெரியும்."

"அப்ப போய்ப் பாரு. தெரிஞ்சா ஒதுங்கிக்குவான்."

ஐந்து ஆட்டம் கிரீப் அந்தப் பக்கம் போகவே இல்லை. மூன்றுக்கு இரண்டு என்று பின்தங்கிவிட்டோம். ஆறாவது ஆட்டம், ஏப்ரல் ஐந்து, எங்கள் ஊரில். பிரெக்கி தாளை எடுத்துக் கிரீபின் மார்பில் ஒட்டி, "படிக்கத் தெரியுமாடா உனக்கு?" என்று கேட்டார். இரண்டாம் பகுதியில் ஜோரி இடது பலகை ஓரமாகப் பக்கை எடுக்கக் குனிந்தான். கிரீப் இடப்பக்கத்திலிருந்து போனான். தோள்மேல் தோள், முறையான இடி. நடுவர் ஊதவில்லை. ஜோரி தலை நிமிரவே இல்லை.

பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. நீங்களும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அவன் எழுந்தான். மெதுவாகச் சறுக்கிக்கொண்டு வந்து எங்கள் பெஞ்சின் கதவைத் திறந்து உள்ளே வந்தான். டன்லோவின் சிவப்புச் சட்டையோடு, எங்கள் பச்சைச் சட்டைகளுக்கு நடுவில், ஜனவரிவரை தான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவனின் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டான்.

அரங்கம் சிரித்தது. மூவாயிரம் பேர். பேசாத ஜோரி கடைசியில் ஒரு கேலி செய்துவிட்டான் என்று நினைத்தார்கள். பிரெக்கிகூடச் சிரித்துவிட்டார்.

"தம்பி, வீடு மாறி வந்துட்ட."

ஜோரி அவரை நிமிர்ந்து பார்த்தான். "அடுத்து நான் போகவா, கோச்?"

பெஞ்சில் சிரிப்பு நின்றது. மேலே நிற்கவில்லை, அவர்களுக்குக் கேட்கவில்லையே. சி பகுதியில் ஒரு பெண்மணி மட்டும் படிகளில் இறங்கி வந்துகொண்டிருந்தார், வழியில் இருந்தவர்களை விலக்கிக்கொண்டு. கிரீப் அன்று கழிப்பறையில் உட்கார்ந்து அழுதானாம். அவனிடம் வாக்குமூலம் வாங்கும்போது கொஞ்சம் கவனமாக இருங்கள், உணர்ச்சிவசப்படுகிறவன், விவரங்களைக் கூட்டிச் சொல்லலாம்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். ஏழாவதில் தோற்றோம். இரண்டுக்கு ஒன்று, கூடுதல் நேரத்தில். முப்பத்தெட்டு சதவீதம் என்றால் அறுபத்திரண்டும் நடக்கும் என்று பொருள், இந்த ஊருக்கு அதை விளக்க முடியாது. பருவம் முடிந்தது. பலகையைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டன்லோ இரண்டாம் சுற்றுக்குப் போனது. ஜோரியை அவன் அம்மா பண்ணைக்கு அழைத்துப் போயிருந்தார். பத்து நாள் கழித்து டன்லோக்காரர்கள் அவனைக் கூப்பிட்டுத் தேர்வு எழுத வைத்தார்கள். அறுபத்திரண்டு. கோப்பில் நான் அனுப்பிய ஆகஸ்ட் மதிப்பெண் அறுபத்தொன்று. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. பையன் முழுதாகத் தேறிவிட்டான், ஆகஸ்டில் இருந்ததைவிட ஒன்று அதிகம்.

மறுநாள் காலை மார்லா எனக்குத் தொலைபேசியில் பேசினார். அதுவரை அவர் என்னிடம் நேரில் நான்கு வாக்கியம்கூடப் பேசியதில்லை.

"ஆர்லோ தம்பி, உன்னத் தொந்தரவு பண்றேன். ஒண்ணு கேக்கணும். நீதானே ஆகஸ்ட்ல அவன உக்கார வச்சு எழுத வச்ச?"

"ஆமா ஆன்ட்டி."

"நாளன்னிக்கு ஆட்டத்துக்கு வரச் சொல்றாங்க. டாக்டர் காகிதத்தக் காட்டறார், போன ஆகஸ்ட்ல எப்படி இருந்தானோ அப்படியே இருக்கான்னு. ஆனா தம்பி, நாங்க வீட்ல மூணு பேரு, அவன் மேசைல நாலு முள்கரண்டி வைக்கறான். எடுத்துட்டா மறுபடி வைக்கறான். ஞாயித்துக்கிழம சர்ச்ல பாட்டுப் புஸ்தகத்தப் பொரட்டிக்கிட்டே இருந்தான். அவனுக்குப் புஸ்தகமே வேண்டாம்ப்பா, சின்னதுலேர்ந்து எல்லாம் மனப்பாடம்."

நான் கையிலிருந்த காகிதத்தில் நான்கு என்று எழுதினேன்.

"அவங்கப்பா சொல்றாரு, நீதான் பயத்துல இல்லாததெல்லாம் பாக்கறன்னு. காகிதத்துல போட்டிருக்கே, நீ டாக்டரவிடப் பெரியவளான்னு. எனக்கே சந்தேகமாயிருச்சு. பெத்தவளுக்குப் பிள்ள முன்னாடி எப்படி இருந்தான்னு மறந்து போகுமா? நீ தெனமும் அவனப் பாத்தவன். நீ சொல்லு. அவன் முன்னாடியும் இப்படித்தான் இருந்தானா?"

"ஆமா ஆன்ட்டி" என்றேன். "அவன் எப்பவுமே இப்படித்தான். கூடவே இருந்ததால நீங்க கவனிக்கல."

பண்ணையில் ஏதோ இயந்திரம் ஓடுவது கேட்டது.

"அப்ப நான்தான் தப்பா நெனச்சிருக்கேன்" என்றார். "ஆட விடட்டுமா?"

"விடுங்க. சும்மா உக்கார வச்சாத்தான் பையன் சோர்ந்து போவான்."

"நல்லாயிருப்ப தம்பி. யாருகிட்ட கேக்கறதுன்னே தெரியல. ஸ்விபாக் சுடறப்ப உனக்கும் அனுப்பறேன்."

அனுப்பினார். மென்னோனைட் வீடுகளில் சுடுவது, ஒரு பன்னின் தலையில் இன்னொரு குட்டி பன். பன்னிரண்டு இருந்தன. நன்றாக இருந்தன.

ஏப்ரல் பத்தொன்பது, டன்லோ. முதல் பகுதி, ஏழாவது நிமிடம். எதிரணிக்காரனுடைய தோள் அவன்மேல் பட்டது. இடி என்று சொல்ல முடியாதாம், கூட்டத்தில் நடந்து போகும்போது படுகிற மாதிரிப் பட்டதாம். ஜோரி நின்ற இடத்தில் உட்கார்ந்தான், பிறகு படுத்தான். சாஸ்கடூனுக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். மண்டைக்குள் குளிர்காலத்திலிருந்தே ஆறாத காயம் இருந்தது என்று அங்கே சொன்னார்களாம். பதினோராவது நாள் இறந்தான். கணினியில் அழித்தாலும், எங்கோ வேறொரு கணினியில் தொண்ணூற்றுநான்கு உண்மையான தேதியோடு பத்திரமாக இருந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.

ஆக, ஆம். அவனுக்கு அடிபட்டது எனக்குத் தெரியும், நான் மறைத்தேன். அவனுடைய காயத்தையே அவனுடைய இயல்பு என்று எழுதிவைத்தேன். எந்தப் பக்கம் இடிக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அம்மா கேட்டபோது ஆட விடுங்கள் என்று சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். தொலைபேசி வந்தபோது எங்கள் அணி வெளியேறி ஒரு வாரம் ஆகியிருந்தது, காப்பாற்ற ஒரு சதவீதம்கூட மிச்சமில்லை, அப்போதாவது ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று. இவ்வளவு நேரத்தில் நீங்கள் கேட்ட நல்ல கேள்வி இது ஒன்றுதான். பதிலும் எளிது. சொல்லியிருந்தால் அந்த அம்மா அங்கேயே உடைந்து போயிருப்பார். காலை வேளையில், தொலைபேசியில், பெற்ற தாயை அழ வைக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.